சப்பிரகமுவத் தோட்டங்களும் உயிரிரக்கமும்: ஒரு வரலாற்று நோக்கு

2013 ஆம் ஆண்டு மே மாதம் 24 ஆம் திகதி, வெசாக் நாளன்று, கண்டி தலதா மாளிகையின் முன்றலில் பிக்கு ஒருவர் தமக்குத் தாமே தீ மூட்டிக்கொண்டார். மறுநாள் கொழும்புத் தேசிய வைத்தியசாலையில் அவர் உயிர் நீத்தார். போவத்தை இந்திரரதன தேரர் என்னும் அவர் சிஹல ராவய அமைப்பைச் சேர்ந்தவர். இரத்தினபுரி மாவட்டத்துப் பெல்மதுளைப் பிரதேச சபையில் முன்னர் உறுப்பினராகவும் இருந்தவர். மாடறுத்தலை இந்நாட்டிலிருந்து ஒழித்தல் வேண்டும் என்பது அவருடைய கோரிக்கைகளுள் தலையாயது.

பெல்மதுளை தேயிலையும் இறப்பரும் சூழ்ந்த ஊர். அங்கிருந்து காவத்தை, இறக்குவானை, பலாங்கொடை என எத்திசை நோக்கிச் சென்றாலும் லயன் வரிசைகளைக் காணாது செல்லவியலாது. அந்த லயன்களின் பின்புறத்தே தகரமும் பலகையும் கொண்டு அடைத்த மாட்டுத் தொழுவங்களும் உள்ளன. மாடறுத்தலைத் தடைசெய்தால் முதலில் பாதிப்புறும் மனிதருள் அத்தொழுவங்களுக்கு உரியோரும் அடங்குவர். அவர்களோடு இதுபற்றி எவரும் பேசியதாகத் தெரியவில்லை.

இவ்விடத்தில் எளிய மறுமொழிகள் இரண்டு உடனே நாவில் எழும். 'மாட்டுக்கு இரங்கியவர்கள் மனிதருக்கு இரங்கினார்களா?' என்பது ஒன்று. 'இஃது இரக்கமன்று, மாட்டிறைச்சி வணிகத்தில் ஈடுபட்ட முஸ்லிம்கள் மீதான பகைமையே' என்பது மற்றையது. 2013 இன் முற்பகுதியில் ஹலால் முத்திரைக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியை நினைவிற் கொள்வோருக்கு இரண்டாவது மறுமொழி பொய்யெனத் தோன்றாது. ஆயினும் இவ்விரண்டையும் சொல்லிவிட்டு அமைதல் போதாது. மனிதர்க்கு இரங்காமை குற்றமே. அதனால் விலங்குக்கு இரங்குதல் குற்றமாகிவிடாது. அறுபடுமுன் மாடு படும் வேதனை, அதற்காகக் குரல் கொடுப்பவரின் அரசியல் எதுவாயினும், உண்மையான வேதனையே. ஆதலால் வினவப்பட வேண்டியது வேறொன்று: இரக்கத்துக்கு ஒரு செலவு உண்டு, அதனை யார் கொடுப்பது? சப்பிரகமுவத் தோட்டப்புறத்தின் கடந்த ஒன்றரை நூற்றாண்டு வரலாற்றை இவ்வினாவோடு நோக்குமிடத்து, விலங்குகளின் பொருட்டு இயற்றப்பட்ட சட்டங்களும் எழுந்த இயக்கங்களும் தமது கணக்கைப் பெரும்பாலும் மிக எளியவர் வாசலிலேயே வைத்துச் சென்றமை புலனாகும்.

முன்னோர் இச்செலவை அறியாதவரல்லர். எல்லாளன் கதையை நாம் அனைவரும் அறிவோம். அதனை அவனது பகைவர் தரப்பு நூலாகிய மகாவம்சமே பாராட்டிக் கூறுகின்றது. கன்றின் உயிருக்கு ஈடாக அரசன் கொடுத்தது வண்டிக்காரன் ஒருவனுடைய உயிரையன்று. தன் ஒரே மகனுடைய உயிரை. அந்நூலே கூறும் இன்னொரு செய்தி இத்துணைப் பெயர் பெறவில்லை. கி.பி. முதலாம் நூற்றாண்டில் ஆமண்டகாமினி அபயன் என்னும் அரசன் தீவு முழுவதிலும் கொல்லாமையை ஆணையிட்டான். ஆணையோடு அவன் நிற்கவில்லை. நாடெங்கும் கொடிக்காய்களை நடுவித்தான் என்கின்றது மகாவம்சம். மக்கள் எதை உண்பர் என்று எண்ணியபின் இட்ட ஆணை அது.

தமிழிலோ மணிமேகலையின் ஆபுத்திரன் உள்ளான். வேள்விக்கெனக் கட்டப்பட்ட பசுவை இரவோடிரவாக மீட்டு, அதனால் அடியுண்டு, வளர்த்த தந்தையாலும் கைவிடப்பட்டு, மதுரை சென்று ஓடேந்தி இரந்தான். இரந்ததைக் குருடர்க்கும் முடவர்க்கும் ஆதரவற்றோர்க்கும் ஊட்டினான். பசுவை மீட்ட கையும் பசித்தவனுக்குச் சோறிட்ட கையும் ஒன்றே. அமுதசுரபி அவனிடம் வந்தது இதற்குப் பின்னரே. பௌத்தக் காப்பியம் ஒன்று தமிழில் இவ்வாறு பேசியிருப்பதைச் சிங்கள நண்பர்களுக்கு நாம் எடுத்துச் சொல்லாதது நமது குறையே.

பிரித்தானியர் ஆட்சிக்கு வருவோம். கோப்பிச் செய்கை மலைகளில் ஏறிய காலத்தில் யானை ஒரு தடையாகவே கருதப்பட்டது. வதுளையில் உதவி அரசாங்க அதிபராகவிருந்த மேஜர் றொஜர்ஸ் ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் எனப் பெயர் பெற்றார். 1845 இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். யானையைக் கொல்வோர்க்கு அரசு பரிசுப்பணமும் வழங்கிற்று. 1848 க்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்குப் பரிசு கொடுக்கப்பட்டதாக எமர்சன் தெனன்ற் எழுதிவைத்துள்ளார். பின்னர், வேட்டையாட விலங்கு எஞ்சாது போய்விடுமோ என்னும் கவலை வேட்டைக்காரருக்கே பிறந்தது. 1894 இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் தோன்றியதன் பின்னணி இதுவே. துப்பாக்கி ஏந்தியவரே காவலராகவும் ஆயினர். அச்சங்கம் காலப்போக்கில் வனவிலங்குப் பாதுகாப்புக்கு உண்மையான தொண்டு ஆற்றியது என்பதையும் மறுத்தற்கில்லை.

1907 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கச் சட்டம் விலங்குகளுக்குக் கொடுமை இழைத்தலைத் தடுப்பதற்கென வந்தது. பிரித்தானியாவில் 1822 இல் இயற்றப்பட்ட மாட்டின் சட்டமும் 1824 இல் தோன்றிய சங்கமும் இதற்கு மூதாதையர். அங்கு நடந்ததே இங்கும் நடந்தது. இலண்டனில் வாடகைவண்டிக்காரனும் மந்தையோட்டியும் நீதிமன்றம் ஏறினர். குதிரையேறி நரிவேட்டையாடிய பிரபுக்கள் ஏறவில்லை. சப்பிரகமுவத்திலே தோட்டத்துச் சரக்கை இழுத்தவை எருதுகள். கேகாலைப் பக்கத்து எட்டியாந்தோட்டைக்கு இருப்புப்பாதை 1903 இலும் இரத்தினபுரிக்கு 1912 இலும் வந்தன. அதற்கு முன்னர் தேயிலைப் பெட்டிகள் மாட்டுவண்டியையே நம்பியிருந்தன. அதன் பின்னரும் தோட்டத்திலிருந்து நிலையம்வரை அதே கதை. மழையில் கரைந்த மலைப்பாதையில், குறித்த நேரத்தில் சேர்ப்பிக்க வேண்டிய சுமையோடு, வண்டிக்காரன் சாட்டையை ஓங்கினான். சட்டத்தின் கண்ணிற் பட்டது சாட்டை. சுமையின் நிறையையும் நேரத்தையும் விதித்தவர் அக்கண்ணுக்குத் தப்பினார்.

இச்சட்டத்தின்கீழ் உச்சத் தண்டனை 100 ரூபா குற்றப்பணமும் மூன்று மாதச் சிறையும். தோட்டத்தில் ஆண் தொழிலாளியின் நாட்கூலி அக்காலத்தில் ஏறத்தாழ 33 சதம் என்பதை நோக்கின், 100 ரூபா என்பது முந்நூறு நாள் உழைப்பு. இதனோடு 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தை வைத்துப் பார்த்தல் வேண்டும். எசமான்–ஊழியர் தொடர்பு பற்றிய அச்சட்டத்தின்படி, முன்னறிவித்தலின்றித் தோட்டத்தை விட்டு நீங்கிய தொழிலாளிக்கும் மூன்று மாதம்வரை கடூழியச் சிறை விதிக்கலாம். எருதை வதைத்தவனுக்கும் எருதைப்போல் தான் வதையுண்டு ஓடியவனுக்கும் ஒரே அளவு சிறை! இவ்விரு சட்டங்களும் பல ஆண்டுகள் அருகருகே நடைமுறையில் இருந்தன. தொழிலாளியைச் சிறையிடும் விதிகள் 1920 களின் தொடக்கத்திலேயே நீங்கின. 1907 ஆம் ஆண்டுச் சட்டமோ அதே நூறு ரூபாவோடு இன்றைய தலைமுறைவரை நீடித்தது. பணத்தின் பெறுமதி வீழ்ந்தமையால் ஒரு காலத்தில் ஏழையை நசுக்கிய தொகை பின்னர் எவரையும் அஞ்சுவிக்காத தொகையாயிற்று. சட்ட ஆணைக்குழு 2006 இல் புதிய விலங்கு நலச் சட்டமூலம் ஒன்றை வரைந்தளித்தது. பதினைந்து ஆண்டுகள் கடந்தும் அது சட்டமாகவில்லை. மாடறுத்தல் மேடைகளில் முழங்கிய குரல்கள் இச்சட்டமூலத்தின் பொருட்டு அத்துணை உரத்து ஒலிக்கவில்லை என்பதையும் இங்கே பதிந்து வைக்கலாம்.

இனி மாட்டுத் தொழுவத்துக்கு. தோட்டக் குடும்பம் பசு வளர்ப்பது பாலுக்கும் எருவுக்கும். பெரட்டுக்களத்துக்குப் போகுமுன் பால் கறந்தாக வேண்டும். கொழுந்து நிறுத்து மாலையில் திரும்பும் பெண் தலையில் புற்கட்டோடு வருவாள். புல் வளரும் நிலம் அவளுடையதன்று. ஓடைக்கரையிலும் பாதையோரத்திலும் அறுத்தது போக எஞ்சியதற்குத் தோட்ட நிருவாகத்தின் கண்ணயர்வையே நம்பியிருத்தல் வேண்டும். பசு கன்று ஈன்றாலன்றிப் பால் தராது. ஈனும் கன்றுகளுள் பாதி காளை. தாழ்நிலத்து வயல்காரனுக்குக் காளைக்கன்றால் ஏரோ வண்டியோ உண்டு. தேயிலைச் சரிவில் அதற்கு ஒரு வேலையும் இல்லை. பால் வற்றிய பசுவுக்கும் இதே கதிதான். ஆகவே காளைக்கன்றும் கிழப்பசுவும் விற்கப்படுகின்றன. சடங்குக்கும் திருமணத்துக்கும், கடைக் கடனுக்கும், பிள்ளையின் பரீட்சைக் கட்டணத்துக்கும் அப்பணமே உதவுகின்றது. 2013 ஏப்பிரலில் கைச்சாத்தான கூட்டு ஒப்பந்தம் தொழிலாளியின் நாட்சம்பளத்தைக் கொடுப்பனவுகள் உட்பட 620 ரூபா என நிருணயித்தது. அந்த 620 ரூபாவோடு வைத்துப் பார்த்தாலே ஒரு மாட்டின் விலை அக்குடும்பத்துக்கு எத்தகையது என்பது விளங்கும்.

இதனை நேர்மையோடு சொல்லவேண்டுமாயின் பாலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பாலும் இறைச்சியும் ஒரே தொழுவத்தின் இரு வாயில்கள். பாற்சோறு படைப்பவரும் பால் தேநீர் அருந்துபவரும் முன்வாயிலில் நிற்கின்றனர்; பின்வாயிலைக் காணாதிருக்க அவர்களால் முடிகின்றது. நியூசிலாந்திலிருந்து வரும் பால்மாப் பொதிக்கும் இப்படி ஒரு பின்வாயில் உண்டு, அது கடல் கடந்து தொலைவில் இருப்பதே வேறுபாடு. மேற்குநாடுகளில் 1975 இல் பீற்றர் சிங்கரின் 'விலங்கு விடுதலை' வெளிவந்தபின் எழுந்த இயக்கத்தினருள் தீவிரமானோர் பாலையும் துறந்தனர். நடைமுறைக்கு ஒவ்வாதது என்று நாம் அதனை நகைக்கலாம். முரண்பாடற்றது என்பதை ஒப்பவேண்டும். இங்கே எழுந்த இயக்கமோ பாலைத் தொடவேயில்லை. மாட்டிறைச்சியை அந்நியரின் வழக்கமெனக் கண்டித்த அநகாரிக தர்மபாலரின் காலந்தொட்டு, அதன் பார்வை விலங்கின் மீதிருந்த அளவுக்கு உண்பவன் யார் என்பதன் மீதும் இருந்து வந்துள்ளது.

2020 செப்டெம்பரில் பிரதமர் மஹிந்த ராஜபக்ஷ முன்வைத்த யோசனையை ஏற்று, மாடறுத்தலைத் தடைசெய்ய அமைச்சரவை உடன்பட்டது. உண்போர்க்கு வேண்டிய மாட்டிறைச்சியை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்து சலுகை விலையில் வழங்குவது என்பதும் அதே தீர்மானத்தின் ஒரு பகுதி. கொலை பாவம், அது அயல்நாட்டு மண்ணில் நிகழ்ந்தால் பாவம் அவர்களுக்கு என்பதுபோல் அமைந்தது அது. வேளாண்மைக்கு உதவாத முதிய மாடுகளுக்கென ஒரு திட்டம் வகுக்கப்படும் என்றும் கூறப்பட்டது. 2021 ஒக்டோபரில் சட்டத் திருத்தங்களுக்கும் அமைச்சரவை இணங்கிற்று. முதிய மாட்டுக்குத் தீனி எங்கிருந்து வரும், புல்நிலம் எவருடையது என்பனவற்றுக்கு அத்தீர்மானங்களில் மறுமொழி இல்லை. கொடிக்காய் நட்ட அரசனை இவ்விடத்தில் நினையாதிருக்க முடியவில்லை.

காந்தியடிகள் பசுவைப் போற்றியவர். எனினும் பசுவதையைச் சட்டத்தின் வலிமையால் பிறர்மீது தடைசெய்வதை 1947 இல் அவர் ஏற்கவில்லை; பசுவைப் பட்டினியிட்டும் அடித்தும் இறுதியில் விற்றும் வரும் இந்துக்களையே முதலில் நோக்குமாறு அவர் வற்புறுத்தினார். அவர் சுட்டிய குற்றத்தில் நம்மவர்க்கும் பங்குண்டு.

நம்மவர் என்றதும் பலியைப் பற்றிப் பேசாது நழுவ முடியாது. தோட்டத்துச் சாமிகள் பல இரத்தம் கேட்பவை. மதுரைவீரனும் முனியாண்டியும் இந்தியாவிலிருந்து கூட வந்தவர்கள். கவ்வாத்துச்சாமியும் ரோதமுனியும் இம்மண்ணிலேயே பிறந்தவர்கள். கவ்வாத்து மலையிற் கத்தி வைக்குமுன் சேவல் அறுப்பதும், தேயிலை ஆலையின் இயந்திரச் சில்லு கை காலைப் பறித்துவிடாதிருக்க ரோதமுனிக்குக் கிடாய் கொடுப்பதும் வழக்கு. அச்சத்தின் வழிபாடு இது. இயந்திரத்துக்குக் காப்புவேலி இல்லாத இடத்தில் கிடாயே காப்பாகின்றது.

இப்பலியை எதிர்த்த குரல் வெளியாருடையது மட்டுமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஆறுமுகநாவலர் இதனைக் கண்டித்தார். 2011 செப்டெம்பரில் முன்னேஸ்வரம் பத்திரகாளி கோயிலுக்கு அமைச்சர் ஒருவர் ஆட்களோடு சென்று பலி விலங்குகளை ஏற்றிச் சென்றபோது அதனை வன்முறை என்றோம். 2017 இல் யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் குடாநாட்டுக் கோயில்களில் மிருகபலியைத் தடைசெய்தபோது நம்மவர் பலர் வரவேற்றனர். 2018 இல் இந்துக் கோயில்களில் பலியைத் தடைசெய்யும் யோசனையை அமைச்சரவைக்குக் கொண்டுசென்றவரும் ஒரு தமிழ் அமைச்சரே. தமிழ்நாட்டில் 1950 ஆம் ஆண்டுச் சட்டம் நெடுங்காலம் உறங்கியது. 2003 இல் திடீரென அமுலாக்கப்பட்டது. கிராமத் தெய்வ வழிபாட்டினரின் எதிர்ப்பினால் 2004 இல் நீக்கப்பட்டது. கோயில் வாசலில் ஓர் ஆட்டை வெட்டுவது குற்றம், இறைச்சிக்கடையில் நாள்தோறும் பல ஆடுகளை வெட்டுவது தொழில் என்னும் முரணை அங்கு எளிய மக்கள் எடுத்துக்காட்டினர். அவ்வாதத்துக்குத் தக்க விடை இன்னும் எவரும் கூறவில்லை. அதனால் கிடாயின் கழுத்து நோகாமற் போகவில்லை என்பதும் உண்மையே. இவ்விடத்தில் எம் மனம் இரண்டுபட்டே நிற்கின்றது.

யானையும் சிறுத்தையும் பற்றிச் சில சொற்கள். 1975 இல் கேகாலை மாவட்டத்துப் பின்னவலையில், மகா ஓயாவுக்கு அண்மையில், 25 ஏக்கர் தென்னங்காணியில் ஐந்து யானைக் கன்றுகளோடு அநாதை இல்லம் தொடங்கிற்று. 1978 இல் அது விலங்கியற் பூங்காத் திணைக்களத்தின் கைக்கு மாறியது. 1984 இல் அங்கேயே முதற்கன்று பிறந்தது. அநாதைகளுக்கென எழுந்த இல்லத்தில் பிள்ளைப்பேறு நிகழத் தொடங்கியமையும், காட்டுக்கு மீளாது சங்கிலியோடு காட்சிப்பொருளானமையும் கண்டனத்துக்கு உள்ளாயின. கண்ணிவெடியிற் காலிழந்த சமா என்னும் யானையை அங்கு காண வந்தோர் பலர். மாகாணத்தின் மறுகோடியாகிய உடவளவையில் 1995 இல் தொடங்கிய யானைக்கன்றுப் பராமரிப்பு நிலையம், வளர்த்த கன்றைக் காட்டுக்கே திருப்பி அனுப்பும் வழியைக் கைக்கொண்டது. செலவு மிகுந்தாலும் முரண்பாடு குறைந்த வழி அதுவே. சிவனொளிபாதமலைக்கு அப்பால் நல்லதண்ணித் தோட்டப்பகுதியில் சுருக்கிற் சிக்கிய கருஞ்சிறுத்தை 2020 மே மாதத்தில் இந்நிலையத்துக்கே கொண்டுவரப்பட்டு 29 ஆம் திகதி இறந்தது. நாடே துயருற்றது, துயருறத் தக்கதே. ஆயினும் சுருக்கு பெரும்பாலும் சிறுத்தைக்கு வைக்கப்படுவதில்லை. கறிக்கும் தோட்டப்பயிர்க் காவலுக்குமாகப் பன்றிக்கு வைக்கும் கம்பி அது. அதனை வைப்போன் ஏன் வைக்கிறான் என்னும் கேள்விக்குப் பத்திரிகைகளில் இடம் கிடைத்தது அரிது.

சப்பிரகமுவத் தோட்டத் தமிழர் 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளில் லயன்களை விட்டு ஓடியவர்கள். 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி, காவத்தைப் பகுதிகளில் நடந்தவற்றை ஏடுகள் பதிந்துள்ளன. வவுனியாப் பக்கம் சென்று குடியேறியோர் பலர். தோட்டத்திலேயே மீளத் தங்கிய குடும்பங்களுள் எமதும் ஒன்று. அன்றிரவு ஆட்கள் வருகின்றார்கள் என்று கேட்டதும், எம் அப்பாயி பிள்ளைகளைத் தேயிலைக்குள் அனுப்பிவிட்டுத் தொழுவத்துக்கு ஓடிப் பசுவின் கயிற்றை அவிழ்த்துவிட்டாராம். தீ வைத்தால் கட்டிய மாடு வெந்துபோகும் என்பதே அவர் எண்ணம். 'கழுதை, ஓடித் தொலையேன்' என்று அதன் முதுகில் அறைந்துவிட்டுத் தானும் ஓடினார். மூன்று வாரம் கழித்துத் திரும்பியபோது லயனின் ஒரு பாதி கரியாயிருந்தது. பசுவை அயற்கிராமத்துச் சிங்களக் குடியானவர் ஒருவர் தம் வளவில் கட்டிவைத்திருந்தார்; தீனிச் செலவுக்கு ஒன்றும் வாங்க மறுத்து, கறந்த பாலைத் தம் வீட்டார் குடித்துவிட்டதாகச் சொல்லிக் கயிற்றைக் கையில் கொடுத்தார். அடுத்த ஆண்டு அப்பசு பால் வற்றியது. கூரைத் தகடு வாங்கவேண்டியிருந்தது. வாங்க வந்தவர் எவ்வூரார், எதற்கு வாங்குகிறார் என்று அப்பாயி கேட்கவில்லை. பணத்தை இருமுறை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டு அன்று மாலை புல்லறுக்கப் போகாமல் இருந்தார் என்று எம் தந்தை கூறுவார்.